கூர் முள்

படீர் என்று ஒரு சத்தம். அடுத்த கணம் சுயம்புவின் கடைக்குள்ளிருந்து ஒரு பித்தளை மூடி உருண்டு வந்து, சந்தின் நடுவில் இரண்டு சுற்றுச் சுற்றி, சாக்கடை ஓரமாகப் படுத்தது. எதிர்க்கடையில் டிரங்குப் பெட்டிக்கு மூலைத்தகரம் அடித்துக்கொண்டிருந்த பிச்சையா சுத்தியலைப் போட்டுவிட்டு ஓடி வந்தான்.

"ஏ சுயம்பு! இருக்கியாடே, போயிட்டியாடே?"

"இருக்கேன், இருக்கேன். ஸ்பிரிங்கு அறுந்துட்டு."

"நான் சைனாக்காரன் மறுபடியும் சண்டைக்கு வந்துட்டானோன்னு நெனச்சேன். முருகம்மா மயினிக்கு யாரு போயி பதில் சொல்லுதது?"

சுயம்பு வலது கையைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். விரல் முட்டியில் ரத்தம் கசிந்தது. வருஷக்கணக்காகச் சின்னப் பித்தளைக் கூட்டுக்குள் சுருண்டு கிடந்த எஃகுப் பட்டை, திறந்த வேகத்தில் வெளியே துள்ளி, சாரைப்பாம்பு மாதிரி கடைத் தரையெல்லாம் நெளிந்து கிடந்தது. அவனுக்கு வலியைவிடச் சந்தோஷம்தான் அதிகமாக இருந்தது. நோய் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டதல்லவா?

கால்பாதேவியில் ஒரு கிராமபோன் கடையில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவன் சுயம்பு. தனியாக வந்து தாராவியில் கடை போட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. ரேடியோ அவனுக்குப் பிடிபடவில்லை. பாட்டுப்பெட்டி என்றால் மட்டும் சயான், மாட்டுங்கா, செம்பூர் எங்கிருந்தாலும் அவனைத்தான் தேடி வருவார்கள். ஆனால் இப்படி ஒரு பெட்டியை அவன் கண்டதில்லை. இதில் தட்டு கிடையாது. ரெகார்டு என்பது சாய் கிளாஸ் உயரத்தில் ஒரு மெழுகுக் குழல். அதை ஒரு உருளையில் செருகி, சாவி கொடுத்தால் சுழலும். மேலே முள் பொருத்திய ஒரு சவுண்டு பாக்ஸ் நகர்ந்துகொண்டே போகும். அதில் பூவரசம்பூ மாதிரி ஒரு புனல்.

மூன்று நாளைக்கு முன்னால் மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் பக்கத்தில், ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடி வாசலில் நின்று அந்தப் பெட்டியை வாங்கிக்கொண்டான். கொடுத்தவள் பாகீரதி மாமி. பாலக்காட்டுப் பக்கம். வயது ஐம்பத்தொன்பது. மகனுக்குக் கோட்டைப் பகுதியில் ஆபீஸ் வேலை. மாமி வாசற்படிக்கு அந்தப் பக்கம், சுயம்பு இந்தப் பக்கம்.

"மிஸ்திரி, இது எங்கப்பாவோடதாக்கும். ஏதோ துரை ஊருக்குப் போறச்சே ஏலத்துல எடுத்தாராம். அப்பா ரெண்டாவதா பண்ணிண்ட சித்தி இருக்கிறவரைக்கும் பரண்லேருந்து எறக்கவிடலை. அவ போன மாசம் போயிட்டா. தம்பி ரெயில்ல போட்டு அனுப்பிச்சிருக்கான்."

பெட்டிக்குள் இரண்டு குழல்கள். ஒன்று கறுப்பு, இங்கிலீஷ் பாண்டு வாத்தியம். இன்னொன்று காப்பி நிறம். அதன் அட்டை டப்பாவின் மேல், மங்கிப்போன மசியில் இரண்டு சொல்: 'மங்களம். பாகிக்கு.'

"மங்களம் எங்கம்மா" என்றாள் மாமி. "எனக்கு மூணு வயசு ஆறச்சே போயிட்டா. முகம் ஞாபகம் இல்லை. போட்டோவும் இல்லை. சித்தி சொல்லிச் சொல்லித்தான் அம்மாவைத் தெரியும். 'நீ வாசப்படிக்கு வந்தாலே வராதே, வராதேன்னு வெரட்டுவாளாம்டி உங்கம்மா'ன்னு சொல்லுவா. சயரோகம், அதனாலதான்னு பின்னால எனக்கே புரிஞ்சுது. புரிஞ்சு என்ன? வெரட்டினது மட்டும்தானா, ஒரு தடவையாவது ஆசையா ஒரு வார்த்தை சொன்னாளா... கிழவியாகியும் இதைக் கேக்கறாளேன்னு சிரிக்காதேங்கோ."

"சிரிக்கல மாமி."

"ஒண்ணே ஒண்ணு. அந்தக் காப்பிக் குழலை நீங்க போட்டுப் பாக்கப்படாது. பெட்டியை ஓடப் பண்ணிக் கொண்டாங்கோ. இங்க வச்சு, என் முன்னால, முதல் தடவை. அம்மா பேசினா முதல்ல நான் கேக்கணும்."

"தொடவே மாட்டேன் மாமி" என்றான் சுயம்பு. அப்போது அவன் பொய் சொல்லவில்லை.

அறுந்த ஸ்பிரிங்கின் நுனியைத் தீயில் காட்டிப் பதம் இறக்கி, துளை போட்டு, கொக்கியில் மாட்டினான். வேகத்தை நிறுத்திப் பிடிக்கும் மூன்று ஈயக் குண்டுகளில் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது, அதை இறுக்கினான். உருளையைச் சுழற்றும் தோல் வார் தொட்டவுடன் பொடியாக உதிர்ந்தது. தோலுக்குத் தாராவியில் பஞ்சமா? பதனிடும் கொட்டடியில் இருக்கும் கரீம் பாட்சா வெள்ளாட்டுத் தோலில் சீராக ஒரு கீற்று அறுத்துத் தந்தார். "வேய், பாட்டுப்பெட்டிக்கு அரணாக்கயிறு கட்டுதது நீரு ஒருத்தருதான்வேய்" என்று சிரித்தார்.

சனிக்கிழமை மத்தியானம் பெட்டி ஓடியது. கறுப்புக் குழலைப் போட்டான். இங்கிலீஷ் பாண்டு சந்து முழுக்க முழங்கியது. பிச்சையா தகரத்தைத் தட்டித் தாளம் போட்டான். வேலை முடிந்தது. துடைத்து மூடிவைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். அத்தோடு போயிருக்கும்.

சுயம்பு மூடவில்லை. கறுப்புக் குழல் கடையில் வாங்கியது, கெட்டி. காப்பிக் குழலோ வீட்டிலேயே பேசிப் பதிந்தது, மெது மெழுகு. அங்கே போய் மாமி முன்னால் ஓடாமல் போனால்? வேகம் சரியில்லாமல் பூனை மாதிரி கத்தினால்? ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால் நிம்மதி. இப்படியெல்லாம் தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டான். நிஜக் காரணம் வேறு. ஐம்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன ஒருத்தி எப்படிப் பேசுவாள் என்று கேட்க அவனுக்கே ஆசையாக இருந்தது. காப்பிக் குழலை எடுத்துச் செருகினான்.

முதலில் அடுப்பில் எண்ணெய் காய்வது போல ஒரு இரைச்சல். பிறகு, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஓர் ஆண் குரல்: 'மங்களம், பேசு. இந்தப் புனலைப் பாத்துப் பேசு.' பிறகு இருமல். நீளமான இருமல். பிறகு, அவள்.

புனலுக்குள் காதை வைத்துக்கொண்டால்தான் கேட்டது. இன்னொரு தடவை போட்டான். இப்போது ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. நாலே வாக்கியம். மாமி இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு, கேட்டது போலவே பதில் அதில் இருந்தது.

ஆனால் சத்தம் போதாது. மாமிக்கு வயதாகிவிட்டது, இந்த ஈனக்குரல் எப்படிக் கேட்கும்? சத்தத்தைக் கூட்டிக் கொடுக்கவேண்டும் என்று நினைத்தான். பெட்டியின் இழுப்பறையில் இன்னொரு சவுண்டு பாக்ஸ் இருந்தது. பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான். விளக்கருகில் பிடித்து முள்ளைப் பார்த்தான். இப்போது மாட்டியிருப்பதில் முள் மழுங்கி, கடுகு மாதிரி உருண்டையாக இருந்தது. இழுப்பறையில் இருந்ததில் முள் சுற்றிலும் கூர்விளிம்போடு பளபளத்தது. இருபத்தேழு வருஷம் தட்டு ரெகார்டில் பழகின கண். மழுங்கின முள் தேய்ந்த முள், கூர் முள் புது முள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மாற்றி மாட்டினான். சாவி கொடுத்தான்.

குழல் சுழன்றது. முள் பட்ட இடத்திலிருந்து மயிர் மயிராக, காப்பிப் பொடி நிறத்தில் ஏதோ கிளம்பியது. பழைய குழல், பூசணம் பிடித்திருக்கும், அதுதான் உதிர்கிறது என்று வாயால் ஊதிவிட்டான். சத்தம் மட்டும் வரவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பிச்சையா உள்ளே தலையை நீட்டி, புனலுக்குள் வாயை வைத்து, "ஏ சுயம்பு, சா குடிக்க வாறியாடே!" என்று கத்திவிட்டுச் சிரித்துக்கொண்டே போனான். எந்தப் புனலைக் கண்டாலும் அவனுக்கு அந்த விளையாட்டு.

சத்தம் வராததால் சுயம்பு பழைய உருண்டை முள்ளையே திரும்ப மாட்டி, முதலிலிருந்து ஓடவிட்டான்.

இரைச்சல். இரைச்சல். பிறகு தெளிவாக, கணீரென்று: 'ஏ சுயம்பு, சா குடிக்க வாறியாடே!'

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. அந்தக் கூர் முள் படிக்கிற முள் அல்ல, எழுதுகிற முள். உதிர்ந்தது பூசணமும் அல்ல. அவன் வாயால் ஊதித் தள்ளியது ஒருத்தியின் பேச்சு. கடைத் தரையைப் பார்த்தான். ஈரக் காற்றில் அந்தத் துகள் ஏற்கெனவே மண்ணோடு ஒட்டியிருந்தது.

திரும்பவும் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டான். பிச்சையாவின் குரலுக்குப் பின்னால், சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுவது போல, அந்த இருமல் இன்னும் கொஞ்சம் இருந்தது. ஒரு சொல், இரண்டு சொல், நிழல் மாதிரி. முழுக்க அழியவில்லை. அப்படியே எடுத்துக்கொண்டுபோய் மாமி காலடியில் வைத்து, 'தப்புப் பண்ணிட்டேன், உங்க அம்மா இதுக்குப் பின்னால இருக்கா, காது கொடுத்துக் கேளுங்க' என்று சொல்லியிருக்கலாம்.

சொல்லத்தான் நினைத்தான். ஆனால் அம்மாவின் குரலுக்காகக் காத்திருக்கிறவள் 'சா குடிக்க வாறியாடே' என்று கேட்பதை நினைத்துப் பார்த்தான். தொடமாட்டேன் என்று சொன்னதையும் நினைத்துப் பார்த்தான். மிஸ்திரி சுயம்பு, கைராசிக்காரன், நம்பிக் கொடுக்கலாம் என்று மாட்டுங்காவில் நாலு வீட்டில் சொல்கிறார்களே, அதையும் நினைத்துப் பார்த்தான். மனைவி முருகம்மாவின் பழைய சேலைத் துண்டைச் சுருட்டி, சத்தம் ஏதும் உள்ளே போகாதபடி புனலின் வாயை அடைத்தான். கூர் முள்ளை மாட்டினான். சாவி கொடுத்தான்.

முதல் தடவை தெரியாமல். இரண்டாம் தடவை தெரிந்து. இரண்டு நிமிஷம், அவன் கண்ணெதிரே, மயிர் மயிராக உதிர்ந்தது. இந்தத் தடவை ஊதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமி அவனை வாசலில் நிறுத்தவில்லை. கூடத்தில் முக்காலி போட்டு, அதன் மேல் வெள்ளைத் துணி விரித்து வைத்திருந்தாள். குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, பெட்டிக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மருமகள் விஜயலக்ஷ்மி அடுக்களை வாசலில் நின்று பார்த்தாள்.

"நீங்க போட்டுப் பாக்கலையே, மிஸ்திரி?"

"இல்ல மாமி" என்றான்.

குழல் சுழன்றது. சர்ர்ர் என்று மழை மாதிரி இரைந்தது. மாமி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். இரண்டு நிமிஷம் என்பது எவ்வளவு நீளம் என்று சுயம்புவுக்கு அன்றுதான் தெரிந்தது. முடிந்ததும் மாமி கண்ணைத் திறந்து, "இன்னும் வரலையோ?" என்றாள். மறுபடி போட்டான். இந்தத் தடவை எழுந்து வந்து புனலுக்குள் காதை வைத்துக்கொண்டாள். நடுவில் சட்டென்று கையைத் தூக்கி, "இரு... ஏதோ சொல்றா!" என்றாள். விஜயலக்ஷ்மி ஓடி வந்தாள். அதற்குள் குழல் முடிந்துவிட்டது. மூன்றாம் தடவையில் மாமியே தலையை ஆட்டினாள்.

"பூசணம் தின்னுட்டு மாமி" என்றான் சுயம்பு. "பழைய மெழுகு. உள்ள ஒண்ணும் மிஞ்சல."

"பூசணம் தின்னா கொஞ்சமாவது மிச்சம் வைக்குமே" என்றாள் மாமி. ஆனால் மாமி அவனைச் சந்தேகப்படவில்லை. குழலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா பேசு, பேசுன்னு சொல்லியிருப்பார். அவ பேசியிருக்கமாட்டா. அவ்வளவுதான். என்னண்ட சொல்றதுக்கு அவளுக்கு ஒண்ணும் இருந்திருக்காது. சித்தி சொன்னது சரி. பாவம், அவளைப் போய் இத்தனை வருஷம் பொய்க்காரின்னு நெனச்சேன்."

பிறகு அவன் விரல் முட்டியில் சுற்றியிருந்த துணியைப் பார்த்து, "அடப் பாவமே, கையை வேற கிழிச்சுண்டேளா? விஜயம், மிஸ்திரிக்குக் காப்பி கொடு, நல்லா சக்கரை போட்டு" என்றாள்.

அந்தக் காப்பியை அவன் குடித்து முடிப்பதற்குள் வேர்த்துவிட்டது.

அந்த வாரம் அவனுக்கு வேலை ஓடவில்லை. தையல் மெஷின் ஒன்றைப் பிரித்து மூன்று நாள் பிரித்தபடியே வைத்திருந்தான். பிச்சையா "சா குடிக்க வாறியாடே" என்று கூப்பிட்டால் எரிந்து விழுந்தான். காரணம் தெரியாத பிச்சையா, "கூலி குடுக்கலன்னா கோவிச்சுக்கிடுவான், சா குடுத்தாலுமா கோவிச்சுக்கிடுவான்?" என்று சந்தெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். அதைவிடப் பெரிய பயம் ஒன்று சுயம்புவுக்கு இருந்தது. அந்த நாலு வாக்கியம் இப்போது உலகத்தில் அவனிடம் மட்டும்தான் இருந்தது. ஒரு சொல் மறந்துபோனால் அது அத்தோடு போச்சு. அதனால் நடக்கும்போதும், குளிக்கும்போதும், ரெயில்வே கேட்டில் நிற்கும்போதும் உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தான். சொல்லச் சொல்ல அது அவன் ஊர்ப் பேச்சாக மாறிவிடுமோ என்று இன்னொரு பயம். ஒவ்வொரு சொல்லையும் அவள் இழுத்த இடத்தில் இழுத்து, நிறுத்திய இடத்தில் நிறுத்திச் சொல்லிப் பார்த்தான்.

வெள்ளிக்கிழமை காலை முருகம்மா முறுக்கு பிழிந்துகொண்டே கேட்டாள். "ஏங்க, நாலு நாளா ஒறக்கத்துல ஐயமாரு பேச்சு பேசுதியளே, மாட்டுங்காவுல ஏதும் ரெண்டாவது குடித்தனம் வச்சிருக்கியளா?"

அவன் சிரிக்கவில்லை. அவளும் முறுக்குக் குழலைக் கீழே வைத்தாள். அடுப்படியிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். சேலைத் துண்டைப் பற்றியும் சொன்னான். எண்ணெயில் கிடந்த முறுக்கு கருகியது. அவள் எடுக்கவில்லை.

"செத்தவ நாக்க அறுத்துட்டு வந்திருக்கிய" என்றாள் கடைசியில்.

"தெரியாமத்தான முருகம்மா..."

"மொத தடவ தெரியாம. அந்தத் துணிய வச்சு அடைச்சிய பாத்தியளா, அது?"

அவன் குனிந்து அடுப்பை அணைத்தான்.

"அந்த அம்மா என்ன சொன்னான்னு எனக்குச் சொல்லாதிய" என்றாள் முருகம்மா. "மொத ஆளா கேக்கணும்னு அவுக கேட்டாக. ஏற்கெனவே நீங்க கேட்டுட்டிய. நான் வேறயா? போங்க. அவுக நாக்கு இப்ப உங்க வாயிலதான இருக்கு. கொண்டுபோயி குடுத்துட்டு வாங்க."

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். லேபர் கேம்ப் வழியாக நடந்தான். என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். மகன் இருந்தால் அடிக்கக்கூடச் செய்யலாம். மாட்டுங்காவில் யாரும் இனி அவனை நம்பி ஒரு முள்ளைக்கூடக் கொடுக்கமாட்டார்கள். அதையெல்லாம் நினைக்கவே அவனுக்கு இடம் இல்லை. வழியில் ஒரு தெரிந்தவன் "எங்கண்ணே, இம்புட்டு வேகமா?" என்று கேட்டதற்குக்கூட வாயைத் திறக்கவில்லை. திறந்தால் உள்ளே இருப்பது சிந்திவிடும் என்று தோன்றியது.

இரண்டாவது மாடியில் கதவு திறந்தே இருந்தது. பாட்டுப்பெட்டி வாசலுக்குப் பக்கத்திலேயே, பழைய பேப்பர்க் கட்டுக்கும் ஓட்டைப் பித்தளைச் சொம்புக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது. புனலைக் கழற்றிக் குப்புற வைத்திருந்தார்கள். காப்பிக் குழலின் டப்பா மட்டும் பெட்டியின் மேல் தனியாக இருந்தது.

"வாங்கோ மிஸ்திரி" என்றாள் மாமி. இந்த ஒரு வாரத்தில் முகம் சுருங்கியிருந்தது. "பழைய சாமான் எடுக்கற கபாடிக்காரன் வரேன்னிருக்கான். உங்க வேலையில குத்தமில்லை, பெட்டி நன்னாத்தான் ஓடறது. எனக்குத்தான் அதைப் பாத்துண்டிருக்க முடியலை. வேணும்னா நீங்களே எடுத்துண்டு போங்கோளேன். என்னத்துக்கு அங்கேயே நிக்கறேள்? உள்ள வாங்கோ."

சுயம்பு வாசற்படியைத் தாண்டவில்லை.

"மாமி, அதுல பூசணம் இல்ல. உங்கம்மா பேசியிருந்தாக. நாந்தான் அழிச்சேன். நீங்க வேண்டாம்னு சொன்னதக் கேக்காம போட்டேன். முள்ள மாத்தி மாட்டி அழிச்சேன். அப்புறம், நான் அழிச்சது தெரியக்கூடாதுன்னு மிச்சம் இருந்ததையும் அழிச்சேன்."

மாமியின் கை தேடிப்போய்க் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. உள்ளே விஜயலக்ஷ்மி குழாயைத் திறந்து பாத்திரத்தில் தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது. பாத்திரம் நிரம்பி, வழிந்து, குழாய் நின்றது. மாமி அவன் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவன் வாயைத்தான் பார்த்தாள்.

"அழிக்கறதுக்கு முன்னால..." என்றாள். "நீங்க கேட்டேளோ?"

"ரெண்டு தடவ."

"என்ன சொன்னா?"

சுயம்பு கண்ணை மூடிக்கொண்டான். தன் குரலை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்தி, அவள் இருமிய இடத்தில் ஒரு மூச்சு நிறுத்தி, ஒரு சொல்கூடத் தன்னுடையதாகிவிடாமல் சொன்னான்:

"பாகீ, உள்ள வராதே, கேட்டியோ. வாசப்படியிலேயே நில்லு, கண்ணா. ஆங்... பாவாடையைச் சுத்திக் காட்டு. அம்மா இங்கேருந்து பாத்துண்டேதான் இருக்கேன்."